செத்த ஆட்டுக்குச் சாட்சி யார்?

குற்றாலத்துச் சாரலைப் பற்றி எழுதாத ஏடு இல்லை. ஆனி பிறந்ததும் மேற்கு மலையில் மேகம் திரள்வதும், வெளியூர் அன்பர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியிலும் ஐந்தருவியிலும் வரிசை நிற்பதும் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. ஆனால் தென்காசிச் சீமையில் ஆடுமாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அஞ்சுவது அந்தச் சாரலை அன்று. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கிழக்கேயிருந்து வரும் அடைமழையே அவர்களுடைய அச்சம். சாரல் ஆட்டின் முதுகை நனைத்துவிட்டுப் போகும். அடைமழையோ மண்சுவரை ஊறவைத்து, நள்ளிரவில் தொழுவத்தின் மேல் சாய்த்துவிடும். சிற்றாறும் அனுமன் நதியும் கரை புரண்டால் கரையோரப் பட்டியை அப்படியே வாரிக்கொண்டு போகும்.

நம் பகுதியில் மாடும் ஆடும் என்ன மதிப்புடையவை என்பதை நம் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேக்கரையிலும் செங்கோட்டையிலும் மலையடிவாரத்தில் கறவை மாடு. கிழக்கே சங்கரன்கோவில், திருவேங்கடம் கரிசல் காட்டில் கன்னி ஆடும் செம்மறியும். வங்கிக் கணக்கில் பணம் இல்லாத வீட்டில் பட்டியில் நிற்கும் நான்கு உருப்படிகளே சேமிப்பு. பள்ளி திறக்கும் மாதத்தில் ஒரு கிடாய் சந்தைக்குப் போகும். மகளுக்குச் சடங்கு என்றால் இரண்டு. மருத்துவமனைச் செலவு வந்துவிட்டால் எத்தனை என்று கணக்கில்லை. நிலமில்லாத வீட்டுக்கும் ஆடு உண்டு. அதனாலேயே வெள்ளம் வந்தால் முதலில் வெறுமையாவது நிலமில்லாத வீடு.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாளை நம்மில் எவரும் மறந்திருக்க இயலாது. அன்று மார்கழி முதல் நாள். திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று வழிபாட்டு நாட்காட்டி கூறும் நாள். அன்றும் மறுநாளும் தென் மாவட்டங்களில் பெய்த மழையைப் போன்றதொரு மழையை மூத்தோரும் கண்டதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழை ஓர் இரவும் ஒரு பகலுமாகக் கொட்டிற்று என்றால் மிகையாகாது. 1992 நவம்பர் 13ஆம் நாள் தாமிரபரணி பெருகியதைக் கண்ணால் கண்டவர்கள்கூட, இது அதனினும் பெரிது என்றே கூறினர். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களே பேரழிவைக் கண்டன. தென்காசியும் கன்னியாகுமரியும் அவற்றோடு ஒப்பிட்டால் தப்பின என்றே சொல்ல வேண்டும். ஆயினும் இடிந்த தொழுவம் இங்கும் உண்டு. அதனடியில் நசுங்கிய உயிர்களும் உண்டு.

அந்த வெள்ளத்திற்குப் பின் தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 1,000 ரூபாய். இது எல்லார்க்கும் நினைவில் இருக்கிறது. ஏனெனில் நியாயவிலைக் கடையில் வரிசை நின்று பெற்றது. ஆனால் அதே அறிவிப்பில் இருந்த மற்றொரு வரியை நம்முள் பலர் கவனிக்கவில்லை. இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாய், இறந்த வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் 4,000 ரூபாய் என்பதே அந்த வரி. 2018இல் கஜா புயல் வீசியபோது பசுவுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 என்றிருந்தது இவ்வாறு உயர்ந்தது. மறு ஆண்டு ஃபெஞ்சல் புயலின் போதும் இதே அளவே அறிவிக்கப்பட்டது.

ஆயிரம் ரூபாய்க்கு வரிசை நின்ற வீட்டில், பத்து ஆடு செத்ததற்கு உரிய 40,000 ரூபாயைக் கேளாமல் விட்டவர்கள் இருக்கின்றனர். இதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

உதவியா, உரிமையா?

"அரசு ஏதோ தர்மம் பண்ணுது, கிடைச்சா சரி" என்னும் பேச்சை நம் திண்ணைகளில் கேட்கிறோம். இது தர்மம் அன்று. இதன் வரலாற்றைச் சிறிது அறிந்தால் அந்த எண்ணம் மாறும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் கதையாகக் கேட்டிருப்பர். மனிதர் மாண்டது போலவே மாடும் மாண்டது. மழை திரும்பியபோது ஏர் பூட்ட எருதில்லை. அதன் பின்னரே ஆங்கில அரசு பஞ்சக் கால விதிகளை வகுத்தது. 1884இல் உழவர் கடன் சட்டம் ஒன்றையும் இயற்றியது. விதை வாங்கவும் கால்நடை வாங்கவும் அரசே கடன் தரலாம் என்றது அச்சட்டம். தக்காவிக் கடன் என்று நம் கிராமங்களில் வழங்கியது இதுவே. கடன் என்பதை மறந்துவிடக்கூடாது. மாடு செத்த வீட்டுக்குப் புது மாடும் வந்தது, அதனோடு வட்டியும் வந்தது.

விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் நிலைமை பெரிதும் மாறவில்லை. ஒன்பதாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 1990இல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இயற்கை இடர் நிவாரண நிதி என்று தனி நிதி ஒன்று ஏற்பட்டது. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் வழி 2010 முதல் அந்நிதி மாநிலப் பேரிடர் மீட்பு நிதி ஆயிற்று. நம் தமிழகத்தைப் போன்ற மாநிலங்களில் நூற்றுக்கு 75 பங்கு மைய அரசும் 25 பங்கு மாநில அரசும் அதில் இடுகின்றன. எந்தப் பேரிடருக்கு எவ்வளவு என்று விகிதப் பட்டியல் ஒன்றையும் மைய உள்துறை வெளியிடுகிறது. செத்த பசுவுக்கு இவ்வளவு, செத்த கோழிக்கு இவ்வளவு என்பதெல்லாம் அப்பட்டியலில் அச்சிட்டுள்ளவை. நாம் வாங்கும் தீப்பெட்டியிலும் துணியிலும் அரசு எடுக்கும் வரியிலிருந்தே அந்நிதி நிரம்புகிறது. ஆகவே அதைக் கேட்பது கையேந்துவது ஆகாது.

மைய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே 2023 வெள்ளத்தை ஒட்டி எழுந்த வழக்கை நீங்கள் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். இரு பேரிடர்களுக்குமாக மாநிலம் ஏறக்குறைய 37,900 கோடி கேட்டதும், 2024 ஏப்ரலில் 276 கோடி விடுவிக்கப்பட்டதும், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றதும் தெரிந்த செய்தியே. அது பெரியவர்கள் சண்டை. ஆடு செத்தவரின் மனு அங்கே போவதில்லை. கிராம நிர்வாக அலுவலர் மேசையிலிருந்து வட்டாட்சியர் மேசை வரையே அதன் பயணம். அப்பயணத்தில் அது எங்கே வழி தவறுகிறது என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

விதி கூறுவது என்ன?

2022 முதல் 2026 மார்ச்சு முடிய உள்ள காலத்திற்கென மைய அரசு வகுத்த விகிதங்களைச் சுருக்கமாகக் கூறுகிறேன். கறவைப் பசு, எருமைக்கு 37,500 ரூபாய். ஆடு, பன்றிக்கு 4,000. உழவு எருது, குதிரைக்கு 32,000. கன்று, கழுதைக்கு 20,000. கோழி ஒன்றுக்கு 100, ஒரு வீட்டுக்கு 10,000க்கு மேற்படாமல். அடுத்து வரும் ஆண்டுகளுக்கு இவ்விகிதம் மாறக்கூடும். ஆகையால் இதையே வேதவாக்காகக் கொள்ளாமல், தேவை நேரும்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிய வேண்டுகிறேன்.

விகிதத்தைவிட முக்கியமானது உச்சவரம்பு. எத்தனை இறந்தாலும் ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை மாடு மூன்று, அல்லது ஆடு முப்பது என்ற அளவுக்கே உதவி கிட்டும். ஓரிரு மாடும் பத்துப் பதினைந்து ஆடும் வைத்திருக்கும் சிறு குடும்பத்துக்கு இவ்வரம்பால் நட்டமில்லை. பாவம், கிடை போடுபவர்களே இதில் அடிபடுகின்றனர். இருநூறு, முந்நூறு செம்மறிகளை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களில் இரவு கிடை மறித்து, வயலுக்கு எருவும் தமக்குக் கூலியுமாக ஊர் ஊராய்ச் செல்லும் மக்கள் அவர்கள். ஓர் இரவு வெள்ளத்தில் நூறு ஆடு போயிற்று எனில், முப்பதுக்கு 1,20,000 ரூபாய் வரும். எஞ்சிய எழுபதும் ஆற்றோடு போனவையே. அவர்கள் சொந்த ஊரில் இருப்பதும் அரிது. ஆடு செத்த ஊரில் கேட்டால், "உங்கள் ஊரில் போய்க் கேளுங்கள்" என்பர். சொந்த ஊரில் கேட்டால், "செத்தது எங்களூரில் அல்லவே" என்பர்.

மேலும், பொருளாதாரப் பயன் தரும் நிலையில் உள்ள விலங்குக்கே உதவி என்கிறது விதி. தாய் மடியை விட்டு விலகாத ஆட்டுக்குட்டிக்கு அப்பட்டியலில் தனி வரி இல்லை. மழை இரவில் முதலில் விறைத்துச் சாவது குட்டிகளே என்பதை ஆடு வளர்த்தவர் அறிவர்.

எந்தெந்த இடர் கணக்கில் சேரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளம், புயல், வறட்சி, நிலச்சரிவு, தீ, நிலநடுக்கம், ஆழிப்பேரலை ஆகியன மைய அரசின் பட்டியலில் உள்ளன. மின்னல் அப்பட்டியலில் இல்லை. உள்ளூர்த் தன்மையுடைய இடர்களை மாநில அரசே அறிவித்து, நிதியில் பத்து விழுக்காடு வரை அவற்றுக்குச் செலவிடலாம் என்று இடம் விடப்பட்டுள்ளது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கி, புளியமரத்தடியில் ஒதுங்கிய ஆடுகள் ஒரு சேர மடிவது கரிசல் காட்டில் அரிதான செய்தி அன்று. அத்தகைய சாவையும் எழுத்தில் தெரிவியுங்கள். நமக்கு நாமே "இதற்கெல்லாம் தரமாட்டான்" என்று தீர்ப்பளித்துவிட வேண்டாம். மலையடிவாரத்தில் சிறுத்தை அடித்த ஆட்டுக்கோ வழி வேறு. அது வனத்துறையின் பொறுப்பு.

"ஆடு எங்கே?"

இனி உள்ளத்தை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். பணம் தரப்படுவது செத்த விலங்குக்கு. செத்தது என்று மெய்ப்பிக்க வேண்டியவர் இழந்தவர். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள ஓரிரு நாளில்தான் நம் ஏழைகளின் பணம் தொலைகிறது.

நான் முன்பு பணிபுரிந்த பங்கின் கிளைக் கிராமமொன்றில் ஒரு விதவைத் தாய் இருந்தார். ஏழு வெள்ளாடுகள் அவருடைய சொத்து. அடைமழையில் கொட்டிலின் பின்சுவர் விழுந்து ஏழும் மாண்டன. மறுநாள் விடிந்ததும் மகன் குழி வெட்டிப் புதைத்துவிட்டான். வீட்டில் சிறு பிள்ளைகள், தெருவில் நாய்கள், ஈ மொய்க்கிறது, வேறென்ன செய்வான்? மூன்றாம் நாள் அலுவலர் ஒருவர் வந்தார். "ஆடு எங்கே?" என்றார். "புதைச்சாச்சு ஐயா." "படம் எடுத்தீர்களா?" "செத்த ஆட்டை யாரு ஐயா படம் எடுப்பா?" அத்துடன் அந்த விசாரணை முடிந்தது. அன்று மாலை அந்தத் தாய் என்னிடம் வந்து சொன்ன சொல் இன்றும் என் காதில் இருக்கிறது: "சாமி, ஆடு செத்தது பொய்யின்னு சொல்லுதாக. அப்ப ஏழு ஆடு உசுரோட நின்னதாச்சும் மெய்யா இல்லையான்னு கேட்டுச் சொல்லுங்க." அவருக்கு ஒரு காசும் கிட்டவில்லை.

அந்த அலுவலரைக் கொடியவர் என்று சொல்ல நான் முன்வரவில்லை. அவர் கையெழுத்திட்டால் நாளை தணிக்கையாளர் அவரையே கேட்பார். சாகாத ஆட்டைச் செத்ததாக எழுதிப் பணம் வாங்க முயல்வோரும் உலகில் உண்டு. நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? சான்று கேட்பது குற்றமன்று. சான்று இன்னது என்று முன்கூட்டியே ஏழைக்குச் சொல்லாமல் விடுவதே குற்றம்.

இது புதிய சிக்கலும் அன்று. யாத்திராகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஒருவன் தன் ஆட்டையோ மாட்டையோ அயலானிடம் காக்கக் கொடுத்து, அது காட்டு விலங்கால் பீறப்பட்டால், மேய்த்தவன் பீறுண்டதைச் சான்றாகக் கொண்டுவர வேண்டும். அப்போது அவன் ஈடு செலுத்த வேண்டியதில்லை என்று அங்கே சட்டம் இருக்கிறது. எவரும் காணாமல் செத்துப் போனால் ஆண்டவர் முன் ஆணையிட்டுச் சொன்னால் போதும் என்றும் அங்கே இருக்கிறது. தாமே ஆடு மேய்த்தவரான ஆமோஸ் இறைவாக்கினர், சிங்கத்தின் வாயிலிருந்து இரு கால்களையோ காதின் ஒரு துண்டையோ இடையன் பிடுங்கி எடுப்பதைப் பற்றிப் பேசுகிறார். உயிர் போன பின் காதுத் துண்டு எதற்கு? உடையவனிடம் காட்டத்தான். நம் காலத்திலும் ஆட்டின் சாட்சி அதன் காதில்தான் இருக்கிறது. அதனைப் பின்னர் கூறுவேன். ஆணையிட்டால் ஏற்கும் வழிதான் இன்று இல்லை. அதற்கு ஈடாக அக்கம்பக்கத்தார் கையொப்பமிட்ட வாக்குமூலத்தையாவது ஏற்கலாம். வெள்ளம் அடித்துச் சென்ற விலங்குக்கு உடலைக் காட்டு என்பது நியாயமாகுமா?

அயலானிடம் காக்கக் கொடுத்த ஆடு என்றதும் நம் ஊர் வழக்கம் நினைவுக்கு வருகிறது. வாரத்துக்கு ஆடு விடுவது நம் பகுதியில் இன்றும் உண்டு. ஆடு ஒருவருடையது, மேய்ப்பவர் மற்றொருவர், ஈனும் குட்டியில் பங்கு. எழுத்து ஏதும் இல்லை, வாய்ச்சொல்லே எல்லாம். இத்தகைய ஆடு வெள்ளத்தில் மாண்டால், எவர் பட்டியில் மாண்டதோ அவர் பெயரில் பணம் வருகிறது. உடையவர் அதைக் கேட்கிறார். அல்லது உடையவர் பெயரில் வருகிறது, மழையில் நனைந்து மேய்த்தவருக்கு ஒன்றுமில்லை. இதனால் உறவு முறிந்த வீடுகளை நான் அறிவேன். குட்டியில் எப்படிப் பங்கோ அப்படியே நட்ட ஈட்டிலும் பங்கு என்று ஆட்டை ஒப்படைக்கும் நாளிலேயே இரு சாட்சி முன் பேசிக்கொள்வது நலம். ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் இன்னும் நலம்.

பெண்கள் செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. ஆடு பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. 2011 முதல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் வழங்கிய திட்டத்தில் பயன் பெற்ற தாய்மார் நம் பங்குகளிலும் உண்டு. ஆனால் நட்ட ஈட்டு மனுவில் கணவர் பெயர், கணவர் வங்கிக் கணக்கு. அவர் நல்லவராயின் குறையில்லை. மதுக்கடைக்கு வழி தெரிந்தவராயின் 4,000 ரூபாய் எத்தனை நாளைக்கு? ஆட்டை வளர்த்தவர் பெயரிலேயே மனு எழுதுங்கள். அவருக்குக் கணக்கு இல்லையெனில் இப்போதே தொடங்குங்கள்.

வெள்ளம் வடிந்த பின்

வெள்ளத்தன்று செத்த ஆடு கணக்கில் வரும். வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் கழித்துச் சாகும் ஆடு? ஈரத்தில் நின்று நின்று சளி கட்டும். கெட்ட தண்ணீரால் கழிச்சல் வரும். கொசுவும் பூச்சியும் பெருகிச் செம்மறிக்கு நீலநாக்கு நோய் பரவும். மாட்டுக்குத் தொண்டை அடைப்பான். இவ்வாறு மடிவதற்குக் காரணம் மழையே என்பது நமக்குத் தெரிகிறது. தாளில் அது நோய்ச்சாவு; பேரிடர்ச் சாவு அன்று. 2022இல் பெரியம்மைக் கட்டி நோய் நாடெங்கும் மாடுகளைத் தாக்கியபோது, வெள்ளத்தில் போன மாட்டுக்குள்ள இந்த நிதி அந்த மாடுகளுக்குத் துணை வரவில்லை. இங்கே பணத்தை நம்புவதைவிட ஊசியை நம்புவதே அறிவுடைமை. அடைமழைக்கு முன், புரட்டாசியிலேயே, அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

வேறு நாடுகளில் எவ்வாறு என்று அறிய விரும்புவோருக்கு ஓரிரு சொல். அமெரிக்க நாட்டில் 2008இல் வந்த சட்டத்தின்படி, கொடும் வானிலையால் இறந்த கால்நடைக்குச் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 75 பங்கை அரசு கணக்கிட்டுத் தருகிறது. நம் நாட்டிலோ சந்தை விலைக்கும் நிவாரணத்துக்கும் தொடர்பே இல்லை. மேலப்பாளையம் சந்தையிலோ எட்டயபுரம் சந்தையிலோ 4,000 ரூபாயை நீட்டி, நன்கு வளர்ந்த கிடாய் கேட்டுப் பாருங்கள், வியாபாரி சிரிப்பார். கறவை மாட்டுக்கும் 37,500 ரூபாய் பாதி வழிதான் வரும். கென்யா நாட்டின் வறண்ட வடபகுதியில் 2010இல் தொடங்கிய காப்பீட்டு முறையோ நம்மை வியப்பில் ஆழ்த்துவது. அங்கே செத்த ஆட்டை எவரும் எண்ணுவதில்லை. வானில் சுற்றும் செயற்கைக்கோள் மேய்ச்சல் நிலத்தின் பசுமையை அளக்கிறது. பசுமை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டால், காப்பீடு செய்த இடையருக்கெல்லாம் பணம் வருகிறது. "ஆடு எங்கே?" என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நம் வெள்ளத்துக்கு அது அப்படியே பொருந்தாது என்பதை அறிவேன். எனினும் ஓர் ஊரில் இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்பதை அரசின் மழைமானியே சொல்லும்போது, அவ்வூர் ஏழையின் வாய்ச்சொல்லுக்குச் சிறிது எடை கூடலாகாதா?

நாம் செய்யக்கூடியவை

அரசு விதி மாறும்வரை காத்திராமல் நாமே செய்யக்கூடியவை பல. கால்நடை செத்தால் புதைப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலருக்கும் அரசு கால்நடை மருத்துவருக்கும் தெரிவித்துவிட வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணும், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணும் உண்டு. பேசிய நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ள நாளில் சாலை துண்டிக்கப்பட்டு எவரும் வர இயலாமற் போகலாம். அப்போது இன்று எல்லார் கையிலும் உள்ள கைப்பேசி உதவும். செத்த விலங்கைத் தனியாகப் படமெடுத்தால் போதாது. இடிந்த சுவரும், வீட்டுக்காரரும், காதும் தெரிய எடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவரையும் உடன் நிறுத்தி எடுத்தால் படமே சாட்சியாகும். அதன் பின் ஊருக்கு வெளியே, கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவில், ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நாற்றத்தைச் சகித்துக்கொண்டு நாட்கணக்கில் வைத்திருக்கச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். பிள்ளைகளின் உடல்நலம் 4,000 ரூபாயைவிடப் பெரிது. உடல்களை அப்புறப்படுத்தும் செலவுக்கும் அதே விதிகளில் இடமுண்டு என்பதை ஊராட்சித் தலைவர்களுக்கு நினைவூட்டலாம்.

மருத்துவரின் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், படம் ஆகியவற்றோடு மனு எழுதி, ஒரு படியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். அந்தப் படி இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். காலம் கடந்தும் பதில் இல்லையெனில், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால், முன்போல் பாளையங்கோட்டை வரை பேருந்து ஏற வேண்டியதில்லை.

மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தருவது நம் அன்பியங்களுக்கும் வின்சென்ட் தே பவுல் சபையாருக்கும் ஏற்ற பணி. வெள்ளம் வந்ததும் அரிசியும் போர்வையும் திரட்டுவதில் நம் இளைஞர் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். 2023இல் அதைக் கண்ணாரக் கண்டோம். ஐந்து கிலோ அரிசி ஐந்து நாளில் தீரும். அதே இளைஞன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு மனுவை ஒழுங்காக எழுதித் தந்தால், அவ்வீட்டுக்கு 28,000 ரூபாய் வரக்கூடும். மேலே சொன்ன விதவைத் தாய்க்கு வந்திருக்க வேண்டிய தொகை அதுவே. சாதி, சமயம் பார்த்து மனு எழுத வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை என்றே நம்புகிறேன். கிடை போடும் கோனார் வீட்டுக்கும் எழுதிக் கொடுங்கள்.

காதைப் பற்றிக் கூறுவேன் என்றேனன்றோ? அரசு கால்நடைத் துறையினர் மாட்டின் காதில் மஞ்சள் வில்லை ஒன்றை இலவசமாகப் பொருத்துகின்றனர். பன்னிரண்டு இலக்க எண் அதில் இருக்கும்; உடையவர் பெயரோடு கணினியில் பதிவாகும். "காது புண்ணாகும், மாட்டின் அழகு கெடும்" என்று அதனைக் கழற்றி எறிவோர் உளர். அந்த எண்ணே உங்கள் தொழுவத்தில் ஒரு மாடு உயிரோடு நின்றது என்பதற்கு அரசே தரும் சாட்சி. காப்பீடு செய்தாலும் அந்த வில்லை இல்லாமல் இழப்பீடு கிட்டாது. தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் உடையவர் கட்ட வேண்டிய பங்கு 2024 பிப்ரவரியில் நூற்றுக்கு 15ஆகக் குறைக்கப்பட்டது. எஞ்சியதை மைய, மாநில அரசுகள் ஏற்கின்றன. முன்பு ஐந்து அலகு என்றிருந்த வரம்பும் பத்து அலகு ஆயிற்று. ஒரு மாடு ஓர் அலகு. பத்து ஆடு ஓர் அலகு. எனவே நூறு ஆடு வரை வைத்திருப்பவரும் இதில் சேரலாம். ஒதுக்கீடு முடிந்துவிட்டால் அவ்வாண்டு சேர இயலாது. ஆதலால் நிதியாண்டின் தொடக்கத்திலேயே மருந்தகத்தில் பெயர் கொடுப்பது நன்று.

வில்லை பொருத்திய புதிதில் காதில் ஈ மொய்த்துப் புண் வைப்பதுண்டு. வேப்பெண்ணெயைப் பஞ்சில் தொட்டு நான்கைந்து நாள் தடவினால் ஆறிவிடும்.